முதல் குரல் கேட்டவர்

கருநீல பனியன் ஒன்றின் தோள் தையலை இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார் என் கணவர். 2006 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். திருப்பூரை அடுத்த அருள்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அவருடைய பவர் டேபிள் இருந்தது. பெரிய கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கும் சிறிய இடம். அன்று மெஷின்கள் எல்லாம் ஓய்ந்து கிடந்தன. மூலையில் கிடந்த கழிவு பனியன்களை ஒவ்வொன்றாக எடுத்து இழுத்தார். சிலவற்றில் தையல் பிரிந்தது. சிலவற்றில் தையல் அப்படியே நிற்க, பக்கத்துத் துணி கிழிந்தது. பிறகு வாளித் தண்ணீரில் நனைத்து எடுத்து இழுத்தார். ஏழாம் மாத வயிற்றோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், "என்னங்க பண்றீங்க?" என்றேன். "தையல் போட்ட எடம் பிரியுமா, பக்கத்துல பிரியுமான்னு பாக்கறேன் புள்ள" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2002 வைகாசியில், எங்கள் மகன் ஆபரேஷனில் பிறந்தான். வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை தலை மேலும் கால் கீழுமாக இருக்கிறது என்று, வலி வருவதற்கு முன்பே முழு மயக்கம் கொடுத்து எடுத்துவிட்டார்கள். நான் கண் விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. அதற்குள் என் அப்பா பார்த்துவிட்டார், சித்தி பார்த்துவிட்டாள், பக்கத்துக் கட்டில்காரிகூடப் பார்த்துவிட்டாள். பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற சேனையும் முடிந்திருந்தது. துணியில் சுற்றிய ஒன்றை என் அருகே கிடத்தி, "உன்ற பையன் பாரு" என்றார்கள். ஊருக்கே தெரிந்த ஒருவரை எனக்கு மட்டும் புதிதாக அறிமுகம் செய்து வைப்பது போல இருந்தது. என் கணவர் அப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். கன்டெய்னர் ஏற்றும் வேலையில் மாட்டிக்கொண்டு இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தார். மகனைக் கையில் வாங்கி, "நாம ரெண்டு பேருமே இல்லாம பொறந்துட்டான் புள்ள" என்றார்.

அந்த வாக்கியம் எங்களோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. இரண்டாவது குழந்தை உண்டானதும் எனக்கு வந்த ஏக்கம் அதிலிருந்து முளைத்ததுதான். வலியை நான் விரும்பினேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அது உண்மையும் அல்ல. அது வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் காட்டிய டாக்டர், ஒரு தடவை கத்தி வைத்தால் அடுத்ததும் கத்திதான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நூலகத்தில் எடுத்த மருத்துவப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. விசாரித்துக்கொண்டு, திருப்பூருக்குள் பல்லடம் ரோட்டில் சிறிய மருத்துவமனை வைத்திருந்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என் பழைய சீட்டுகளைப் படித்துவிட்டு, முயற்சி செய்து பார்க்கலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு என்றார். வலியை மருந்து கொடுத்து வரவழைக்க மாட்டார்; தானாக வர வேண்டும். வலி தொடங்கினதிலிருந்து குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிப்பார். ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் எந்த நிமிடமும் தயாராக இருக்க வேண்டும். அவர் 'போதும்' என்றால் நாங்கள் மறுபேச்சுப் பேசக் கூடாது.

செய்தி பவர் டேபிளுக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு தொழில் தெரியும், அது தையல். ஆகவே என் கர்ப்பப்பையைப் பற்றிக் கருத்துச் சொல்ல எல்லோருக்கும் தகுதி இருந்தது. ஒருமுறை தைத்த இடம் எப்போதும் பலவீனம்தான் என்றார் செக்கிங்கில் இருந்த பெரியவர். ஓவர்லாக் மெஷினில் இருந்த திருநெல்வேலிப் பெண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மா பயங்காட்டாதீங்க அண்ணாச்சி. தையல் மேல தையல் போட்டா கெட்டியால்லா நிக்கி? எங்கக்காவுக்கு மொதப்பிள்ள ஆபரேசன், ரெண்டாவது ஆட்டோலயே பெறந்துட்டு" என்றாள். "ஆட்டோக்காரன் என்ன பண்ணுனான்?" என்று யாரோ கேட்க, "அவன் இன்னும் அந்தத் தெருப்பக்கமே வாரதில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் கையிலிருந்த துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த முறை போனபோது தன் சோதனை முடிவுகளை டாக்டரம்மாவிடம் எடுத்துச் சொல்லவும் செய்தார். நனைத்தால் தையல் கூடுதலாகத் தாங்குகிறது என்பதையும் சேர்த்து. டாக்டரம்மா கடைசிவரை கேட்டார். "இது பனியன் இல்லீங்க. அந்த நூல் எப்பவோ கரைஞ்சு போச்சு. இப்ப அங்க இருக்கறது தையல் இல்ல, ஆறுன தழும்பு. பெரும்பாலும் தாங்கும். தாங்காமப் போறதும் உண்டு. போச்சுன்னா நமக்கு நிமிஷக் கணக்குத்தான்" என்றார். பிறகு, நூறு பேரில் எத்தனை பேருக்கு அப்படி ஆகக்கூடும் என்று ஓர் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணை நான் இங்கே எழுதவில்லை. சிறிய எண்தான். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அது எங்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அளவாகிவிட்டது. எனக்கு மிச்சமுள்ள பேர் தெரிந்தார்கள். என் மாமியாருக்கு அந்தச் சிலர் மட்டும் தெரிந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் என் முகம் இருந்தது.

அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஜோசியரிடம் போய், தீபாவளி கழித்து நல்ல நட்சத்திரத்தில் இரண்டு முகூர்த்தம் வாங்கி வைத்திருந்தார். "நாளு நம்ம கையில இருக்குது. எதுக்குக் கண்ணு கண்ண மூடிட்டுக் கெணத்துல எறங்கோணும்? எனக்குப் பேரனோ பேத்தியோ அப்பறம். நீ உசுரோட ஊடு வந்து சேரோணும் சாமி" என்றார். அவர் கையில் என் கை இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் நான் உடைந்தேன். மகன் மதியத் தூக்கத்தில் என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கிடந்தான். அதை எடுக்க முயன்றபோது இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவர் சாப்பிட வந்ததும், "ஆபரேஷனே பண்ணிக்கறனுங்க" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். ஆனால் அந்த நிம்மதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "எதுக்கு?" என்றார்.

"பயமா இருக்குதுங்க."

"எனக்குந்தான். ரெண்டு மாசமா ஒழுங்காத் தூங்குல. உன்ற பயத்துக்கு நீ அறுத்துக்கிட்டா அது ஞாயம். என்ற பயத்துக்கும் எங்கம்மா பயத்துக்கும் நீ எதுக்கு அறுத்துக்கோணும்? எது யாரோடதுன்னு பிரிச்சுப் பாரு. பாத்துட்டு நாளைக்குச் சொல்லு, போதும்."

மறுநாள் முழுக்க அதைத்தான் செய்தேன். அப்போது நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஷிப்பிங் ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். கை தன் போக்கில் தேதிகளைச் சரிபார்க்க, மனம் பயங்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. அம்மாவுடையது, அத்தையுடையது, அவருடையது என்று ஒதுக்கிக்கொண்டே வந்தால், மிஞ்சியது இரண்டுதான். மகன் தாயில்லாமல் போய்விடுவானோ என்பது ஒன்று. கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்துபோய், இன்னொரு முறை ஊர் பார்த்த குழந்தையைக் கையில் வாங்குவேனோ என்பது மற்றொன்று. முதல் பயத்துக்குத் தன்னால் ஆன பாதுகாப்பை டாக்டரம்மா நிபந்தனைகளாகச் சொல்லியிருந்தார். இரண்டாவதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "முயற்சி பண்றனுங்க. டாக்டரம்மா போதும்னு சொன்னா போதும்" என்றேன். அவர் தலையாட்டினார். அதன்பின் பனியன்களை இழுப்பதை விட்டுவிட்டார்.

அதற்குப் பதிலாக வேறொரு கவலையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பரிசோதனையில், "ஏனுங்க டாக்டரம்மா, தீபாவளிக்கு மயக்க டாக்டரு ஊருக்குப் போயிருவாருங்களா?" என்று கேட்டார். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். தீபாவளி நெருங்கினால் எங்கள் டெய்லர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தெற்கே பஸ் ஏறிவிடுவார்கள். இன்னும் ஒரே ஒரு நாள் இருக்கச் சொல்லி ஆண்டுதோறும் அவர் கெஞ்சுவதும், கதை சொல்லுவதும், பஸ்ஸே இல்லை என்று பொய் சொல்லுவதும் பவர் டேபிளில் பெரிய வேடிக்கை. அந்தப் புத்திதான் கேட்டது. "இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரும் இதக் கேட்டதில்லைங்க" என்றார் டாக்டரம்மா. மயக்க டாக்டருக்குப் பழனிப் பக்கம் ஊர். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பிவிடுவார். அவர் இல்லாத நாட்களில் வலி வந்தால் இங்கே முயற்சி கிடையாது, கோயமுத்தூருக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

வலி அந்த முந்தின நாள் காலையில்தான் வந்தது. ஐப்பசி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. துணி மூட்டை ஏற்றுகிற வேனில் என்னைப் படுக்க வைத்துத் திருப்பூருக்கு ஓட்டினார். எதிரே பஸ்கள் கூரை வரை ஆட்களோடு பல்லடம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஊரே வெளியேறும்போது நாங்கள் மட்டும் உள்ளே போனோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, "நல்லா முன்னேறுது. ஆனா மயக்க டாக்டரு அஞ்சு மணிக்குக் கெளம்பறாரு. அவரு இருக்கற வரைக்கும் பாக்கலாம். இல்லீன்னா அதுக்கு முன்னாடியே தியேட்டர்" என்றார். சரி என்றேன். பிரசவ அறைக் கதவை மூடுவதற்கு முன் என் கணவர், "நான் இங்கதான், இந்தக் கதவுகிட்டயே இருக்கறேன். மொதக் கொரலு எனக்குக் கேக்கோணும், அக்கட்ட இக்கட்டப் போமாட்டேன்" என்றார்.

அந்தப் பகலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வலியை வலி என்றுதான் எழுத முடிகிறது. மாலையில் டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். நர்சைக் கூப்பிட்டு, மயக்க டாக்டரைக் கொஞ்சம் இருக்கச் சொல் என்றார். நர்ஸ் போய் வந்து, "காருகிட்டப் போயிட்டாருங்க, ஆனா நிக்கறாருங்க மேடம்" என்றாள். சற்றுக் கழித்து மறுபடி அனுப்பினார். "இன்னும் நிக்கறாருங்க" என்றாள். ஐந்து தாண்டியது. "இனி இழுக்க முடியாதும்மா, இன்னொரு தடவ முக்கு" என்றார் டாக்டரம்மா. அந்த இன்னொரு தடவையில் மகள் பிறந்தாள். நான் அங்கே இருந்தேன். ஈரத்தோடு என் மார்பில் கிடந்தவளை எனக்கு முன்பு எங்கள் வீட்டார் யாரும் பார்த்திருக்கவில்லை.

சற்று நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். சட்டை முழுக்க வியர்வை. என் நெற்றியில் கை வைத்து, "மொதக் கொரலு கேட்டுட்டேன் புள்ள. கதவுல காத வெச்சுட்டே நின்னேன்" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டும்போது, கேட்ட அழுகையை அப்படியே அழுது காட்டுவார். "குவா... குவா..." என்று அடித்தொண்டையில் நீளமாக. மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, போதும், பிரண்ட்ஸெல்லாம் சிரிக்கறாங்க" என்பாள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் அவர் போய்விட்டார். இந்த ஆண்டு தீபாவளிக்குக் கல்லூரியிலிருந்து மகள் வந்திருந்தாள். அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது, "அழுது காட்டத்தான் இனி ஆளில்ல" என்றேன். அவள் அடுப்பைத் தணித்து வைத்தாள். பிறகு, "அம்மா, அப்பா அதக் கேக்கவே இல்ல" என்றாள்.

அவள் பத்தாவது படித்தபோது, ட்யூஷனுக்கு அழைத்துப்போகிற வழியில் அந்த மருத்துவமனை முன் வண்டியை நிறுத்தி அவரே சொன்னாராம். மயக்க டாக்டர் பையோடு படியிறங்குவதைப் பார்த்ததும் கதவை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடியிருக்கிறார். பல்லடத்தில் பஸ்கள் சிக்கி ரோடு அடைத்துக் கிடக்கிறது, ஆறு மணிக்கு மேல்தான் வழிவிடும் என்று பொய் சொல்லியிருக்கிறார். டயரில் காற்றுக் குறைவு என்று குனிந்து பார்த்திருக்கிறார். தன் அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு ஊர் பழனி என்று இல்லாத உறவைச் சொல்லியிருக்கிறார். டெய்லர்களிடம் ஒரு வருடமும் பலிக்காத வித்தை அன்று பலித்தது. நர்ஸ் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வந்து பெண் குழந்தை என்று சொல்லும்வரை அந்த மனிதரின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறார். "உங்கம்மாகிட்டச் சொல்லீராத கண்ணு. நான் கதவுகிட்ட இருந்தேன்னே அவ நெனச்சுக்கட்டும்" என்றாராம்.

அவர் அழுது காட்டியது சரியில்லை என்று எனக்கு முதல் வருடமே தெரியும். மூடிய கதவுக்கு வெளியே அப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்து ஒருநாளும் திருத்தவில்லை. இப்போது அவரிடம் சொல்கிறேன். அது அப்படி இல்லீங்க. முதலில் ஒரு தும்மல், பூனைக்குட்டி தும்முவது போல. பிறகு சத்தமே இல்லை. டாக்டரம்மாவின் கைகூட நின்றுவிட்டது. அதன்பின்தான் மெல்லியதாக, யாரையோ கூப்பிடுவது போல ஒன்று, தயங்கி, பாதியில் நின்று, மறுபடி தொடங்கியது. நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கு அழுது காட்ட வந்திருக்காது.