கணக்குச் சொல்லித்தர வந்தவர்

சேக்காட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பள்ளி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறேன். பள்ளியை நடத்தும் அக்காவுக்கு நிர்வாகமும் கணக்கும் சொல்லித்தர ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். சட்டை முதுகு எப்போதும் நனைந்திருக்கும். அக்கா எதைக் கேட்டாலும், "மறைக்காதீங்கம்மா, சொல்லிடுங்க" என்பார்.

நன்கொடை நின்றுபோனதை அக்கா எங்களிடம் சொல்லவில்லை. தெரிந்தால் வேலையை விட்டுப் போய்விடுவோம் என்று பயம். அவர்தான் எங்களை உட்காரவைத்து அக்காவைப் பேசவைத்தார். அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டு அக்கா அழுதார்.

"இத்த சொல்றதுக்கா இம்மாம் பயந்துகினு இருந்தே? உன் கழுத்துல செயின் காணோம்னப்பவே தெரிஞ்சிபோச்சுக்கா. நாங்க எங்க போறது? வேற எவன் எங்களுக்கு வேல குடுப்பான்?" என்றாள் ஆயா. சிரித்துவிட்டோம். யாரும் போகவில்லை.

அன்று மாலை கணக்குச் சொல்லித்தருபவரை அண்ணனூர் ஸ்டேஷனில் விடப் போனேன்.

"நல்ல வேலை சார் உங்களுது," என்றேன்.

"இந்த மாசத்தோட அதுவும் இல்ல டிரைவரண்ணே. ஆபீஸ்ல நிறுத்திட்டாங்க. வீட்ல இன்னும் சொல்லல. பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கா."

ஸ்டேஷன் வாசலில் வேனை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை. அவருடைய ரயில் வந்தது, நின்றது, போனது.