ஒன்றில் நிற்காத கால்

வசந்தாம்மா வந்தது

கப்பலில் பயணிகளோடு ஆடுவதும் அவர்களுக்கு ஆடச் சொல்லித் தருவதும்தான் என் வேலையாக இருந்தது. ரிடையர் ஆகிக் காஞ்சிபுரம் வந்து, ஒரு டெய்லர் கடைக்கு மேலே டான்ஸ் கிளாஸ் போட்டேன். கல்யாண மேடையில் ஆட சினிமாப் பாட்டு பழகுகிறவர்கள் வந்தார்கள். எனக்கு உயிர், ஜோடியாக ஆடும் கியூபா நாட்டு சோன். அதை என்னோடு ஆட இந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஒரே ஒருவர் பழகிவிட்டால் போதும் என்று கிடந்தேன்.

வசந்தாம்மாவுக்கு என் வயதிருக்கும். பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. "சுகருக்கு டாக்டர் நடக்கச் சொன்னாரு சார். சும்மா நடந்துக்கினு இருந்தா போர் அடிக்குது" என்று வந்து சேர்ந்தார்.

சோனில் நாலு எண்ணிக்கை. ஒன்றில் கால் அசையக் கூடாது. இரண்டில்தான் கிளம்ப வேண்டும். வசந்தாம்மா சனிக்கிழமை தவறாமல் திருப்புட்குழி கோயில் பஜனையில் ஜால்ரா போடுகிறவர். அவர் கால் டாண் என்று ஒன்றில் விழும்.

"ஒண்ண வுட்டுட்டு தாளம் ஏது சார்? சாமி கோச்சுக்கும்."

பாட்டு தேடியது

தப்பு என் பாட்டிலும் இருந்தது. நான் போட்டதெல்லாம் புது சல்சா. ஒரே சந்தை இரைச்சல். பழைய சோன் வேண்டும் என்று நெட்டில் தேடினால் பார்ட்டி மிக்ஸ்தான் வந்தது. கப்பல் நண்பர்களைக் கேட்டேன், பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் ஹெட்போனோடு போயின. கடைசியில் ஒரு பழைய ரெக்கார்டிங் அகப்பட்டது. கிடார் மாதிரி ஒன்று, போங்கோ என்ற சின்ன மேளம், இரண்டு குச்சி தட்டும் சத்தம், அடித்தொனி கொடுக்கும் பேஸ். அந்த பேஸ் ஒன்றில் வாசிக்காமல் சும்மா இருந்தது! துள்ளி எழுந்தேன். சொல்லிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

வசந்தாம்மா காது கொடுத்துக் கேட்டார். "இப்பத்தான் தனித்தனியா கேக்குது. அந்த எடம் காலியா இருக்குதே, யாராச்சும் போட வேணாமா?" என்று கையைத் தட்டினார். கை ஒன்றில் விழுந்தது, கால் நின்றது, இரண்டில் அழகாகக் கிளம்பியது.

ஆனால் தட்டுகிற கையை நான் எப்படிப் பிடிப்பது? பிடித்தால் கால் மறுபடி ஒன்றில். அவர் தட்டிக்கொண்டு ஆடினார். நான் எதிரே காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடினேன்.

கடைசி கிளாஸ்

"பொண்ணு ஓசூருக்கு கூப்புடுது சார். பேரன பாத்துக்கணும். இன்னியோட அவ்ளோதான்."

பாட்டைப் போட்டேன். தட்ட ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"கையக் குடுங்க சார்."

ஒன்று வந்தபோது என் உள்ளங்கையை அழுத்தினார். இரண்டில் சேர்ந்து கிளம்பினோம். பாட்டு முடியும்வரை ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வாத்தியம் குறைந்த பழைய சோன் தேடுங்கள். ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள், கால் தானே கற்றுக்கொள்ளும். ஆனால் தாளம் தங்க இரண்டு பேர் வேண்டும். இப்போதும் கிளாஸ் முடிந்ததும் அந்தப் பாட்டைப் போட்டுக் கையை நீட்டி நிற்கிறேன். கொஞ்ச நாளாக என் காலே ஒன்றில் விழுகிறது.