தோப்பு மரங்கள் பட்டுப்போன வருஷம்

வேப்பங்கன்றின் பட்டையை நகத்தால் கீறினால் கிளம்பும் அந்தப் பச்சைக் கசப்பு வாசனை எனக்கு இன்றைக்கும் பிடிப்பதில்லை. கீறின இடம் பச்சையாக இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது, பழுப்பாக இருந்தால் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று, ஒரு வருஷம் முழுக்க எங்கள் ஊரில் மரத்தையும் மனிதரையும் கீறிப் பார்த்துக்கொண்டே திரிந்தோம்.

அம்மையார்குப்பத்துக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் எட்டும் தூரத்தில், ஊர்ப் பொதுவில் ஒரு சின்னத் தோப்பு இருந்தது. வேம்பும் புங்கனும் நாவலும் ஊரார் வைத்து வளர்த்தவை. இன்ன கன்றுக்கு இன்ன வீடு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. அடையாளத்துக்கு அவரவர் தறியில் மிஞ்சின சாய நூலை, எங்கள் பேச்சில் "சிக்கு நூலை", கன்றின் தண்டில் நாலு சுற்று சுற்றிக் கட்டிவிடுவோம். பருத்தி நூல் மழையில் நைந்துவிடும் என்பதால் ஆடிக்கு ஆடி புதிது கட்ட வேண்டும். பவர்லூமும் பாலியஸ்டரும் வந்தபின் அந்த வேலையும் மிச்சமானது. எங்கள் வீட்டு நிறம் மாம்பழ மஞ்சள்.

நான் ஆறாவது படித்தபோது, கைப் பருமன் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. தண்டைச் சுற்றிக் கத்தி போட்டது போல வளையமாக ஒரு தடம். முதல் சந்தேகம், திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகிற வழியில் தோப்பில் இளைப்பாறுகிறவர்கள் மேல். கிருத்திகை முடிந்தும் மரங்கள் பட்டதால் சந்தேகம் ஊருக்குள் வந்தது. எதிர்வீட்டில் விறகு கூடியிருந்தால் அம்மா பேச்சுக் கொடுக்கும் சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவர்களும் எங்கள் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காமல் போனதில்லை.

முனுசாமி மாமா தறியை விட்டுவிட்டு ஏழெட்டு ஆடு வைத்துப் பிழைத்தவர். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் ஒரு புங்கனடியில் கத்தியோடு குந்தியிருந்ததைப் பார்த்து வீட்டில் சொன்னேன். ஊர்க்கூட்டத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்கள்.

"கத்தி வச்சிகினு மரத்தச் சுரண்டிகினு இருந்தாரு," என்றேன்.

கறையான் மண்ணைத்தான் சுரண்டியதாக அவர் சொன்னது எடுபடவில்லை. அவரும் ஆடும் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. தழைக்கு வேறு வழியில்லாமல் ஆடுகளை விற்றுவிட்டுக் கனகம்மாசத்திரம் போனார். கள்ளனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுமாதம் எங்கள் வேம்பும் பட்டது. அதுவரை பட்ட மரங்களை வெட்டி எரித்தார்களே ஒழிய யாரும் கிளறிப் பார்க்கவில்லை. நைனா அந்த வளையத்துக்குள் கத்தியை விட்டு நெம்பினார். பட்டைக்குள் புதைந்து இறுகிக் கிடந்தது மாம்பழ மஞ்சள் நூல். மரம் பருத்திருக்கிறது, பாலியஸ்டர் நூல் நையவில்லை, அவ்வளவுதான். மிச்ச மரங்களிலும் நூலைத் தேடித்தேடி அறுத்து மடியில் முடிந்துகொண்ட நைனா என்னைப் பார்த்தார்.

"வெளியில மூச்சு வுடாத. கூட்டத்துல சாட்சி சொன்னது நீதான்."

அதன்பின் ஒரு மரமும் படவில்லை. எங்கள் வேம்பும் முனுசாமி போகுமுன் கீறினதுதான், அவர் ஊரை விட்டுப் போனதால்தான் நின்றது என்று ஊரே பேசியது. நானும் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடை பெஞ்சில் முனுசாமி மாமாவைப் பார்த்தேன். நன்றாக மூப்படைந்திருந்தார். தோப்பை விசாரித்தார். அங்கே இப்போது தண்ணீர்த் தொட்டியும் கம்பி வேலியும்தான், ஒரு புங்கன்கூட மிச்சமில்லை என்றேன்.

"நீ சின்னப் புள்ள, பார்த்ததச் சொன்ன. எல்லாம் என் தம்பி வேல. எம்மேல பழி வுழட்டும்னு அவன்தான் செஞ்சான். அன்னிலேர்ந்து அவன் வூட்டு வாசப்படி மிதிக்கல," என்றார்.

நூல் விஷயத்தை, நைனா பேரை மட்டும் விட்டுவிட்டு, அங்கேயே சொல்லிவிட்டேன். கேட்டு முடித்து, அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க நைனாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது மாமா," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பதிலை நம்பவில்லை.