வேலப்பர் பக்கத்தில் ஒரு சிம்பன்சி

எங்கள் வீட்டுச் சாமிப் பலகையில், வேலப்பர் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷம் ஒரு சிம்பன்சி இருந்தது. சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அப்பா பூம்பாறையில் பூண்டுக் காட்டை விட்டுவிட்டுத் துபாய்க்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த சமயம். எங்கள் வம்சத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் அவர்தான். அவர் போனதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் வேலை பார்த்தாள். யாரோ விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தில் அந்தப் படம் இருந்தது. நாற்காலியில் வார் போட்டு இறுக்கிய ஒரு சிம்பன்சி, பல்லெல்லாம் தெரிய.

டாக்சி ஓட்டும் என் தாய்மாமா எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, அமெரிக்காக்காரர்கள் மனுஷனை அனுப்பும் முன்னால் இதைத்தான் ராக்கெட்டில் ஏற்றினார்கள், உயிரோடு திரும்பிவிட்டது என்றார். அவ்வளவுதான். அம்மா படத்தைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டுக் குங்குமம் வைத்துவிட்டாள்.

"வானத்துக்கே போயிட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்துருக்கு பாரு. ஒங்கப்பா போனது பக்கந்தான்" என்றாள். அன்றைக்குச் சாப்பிட்டாள்.

சிக்கலைக் கொண்டுவந்தவரும் மாமாதான். புத்தகத்தின் மீதிப் பக்கங்களையும் படித்து வைத்திருந்தவர், பெரியப்பா வந்திருந்த ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஆப்பிரிக்கக் காட்டில் குட்டியாகப் பிடித்தார்களாம். தப்பான விசையை அழுத்தினால் காலில் கரண்ட் வைத்துப் பழக்கினார்களாம். திரும்பி வந்தபின் மிருகக்காட்சிசாலையில் வருஷக்கணக்காகத் தனியாகக் கிடந்ததாம். செத்த பிறகு எலும்பை ஆராய்ச்சிக்கென்று ஓரிடத்தில் எடுத்துவைத்துக்கொண்டு, மிச்சத்தை வேறோர் ஊரில் புதைத்துக் கல் நட்டார்களாம்.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "செத்ததையா சாமியோட வச்சிருக்கீக? எடுத்து எங்கய்யா படத்துக்குப் பக்கத்துல மாட்டும்மா."

எதிர்ச்சுவரில் தாத்தா பிளாஸ்டிக் மாலையோடு இருந்தார். அம்மா அசையவில்லை. படம் அந்தச் சுவருக்குப் போனால் அப்பா திரும்பமாட்டார் என்று அவள் பயந்தது எனக்கே தெரிந்தது.

"அவுக வர்ற வரைக்கும் இருக்கட்டுங்க."

"எலும்பு ஒரு பக்கம், ஒடம்பு ஒரு பக்கம் கெடக்கு. கருமாதி யாரு செஞ்சா? ஆத்மா எங்க அலையுதோ."

"நாம செஞ்சிருவோம்" என்றாள் அம்மா.

"அப்ப மொட்டை யாரு போடுறது, யக்கா? எனக்கு இப்பவே பாதி போச்சு" என்றார் மாமா.

அமாவாசையன்று தாத்தாவுக்கு வைத்த இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போட்டு, சோறும் எள்ளும் மலைவாழைப்பழமும் வைத்தாள். காக்கா வருமுன் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி, பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன்பின் படத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

வாரம் ஒருமுறை மாமாவின் போனில் அப்பாவின் முகம் தெரியும். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். "நான் நல்லாருக்கேன்" என்பார்.

வேலப்பர் கைவிடவில்லை. அப்பா திரும்பி வந்தார். குளித்துவிட்டுத் திருநீறு எடுக்கப் போனவர் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இது சிரிக்கல ஆத்தா. பயந்துபோயிக் கெடக்கு" என்றார் என்னிடம்.

"இல்லப்பா, சிரிக்குது. போன்ல நீங்க சிரிப்பீங்கள்ல, அதே மாதிரி."

அப்பா திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். அடுப்படியில் அம்மா அம்மியில் அரைக்கும் சத்தம் நின்றது. படம் பார்க்கத் தெரியாத அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்ட சந்தோஷத்தில் நான் விளையாடப் போய்விட்டேன்.