ஆட்டிடம் கேட்பார், என்னிடம் கேட்கமாட்டார்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளையும் ஒரு புருசனையும் வளர்த்தேன். பிள்ளைகள் ஐவரும் வளர்ந்துவிட்டார்கள்.

அவருக்கு வருகிற மாதம் எண்பது முடிகிறது. எங்கள் இருவருக்கும் மறுபடி கல்யாணம் செய்து பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் கிளம்பினார்கள். மண்டபம் பிடித்தார்கள், சமையலுக்கு ஆள் சொன்னார்கள், பேகம்பூர் பக்கம் ஒரு கடையில் பேனரும் அடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் அவருக்கு மீசை கன்னங்கறுப்பு. பக்கத்தில் நான், ரேசன் கார்டில் இருக்கிற அதே முழியோடு. பொண்ணைக் கேட்டார்களா என்றால், இல்லை.

"நான் கழுத்தை நீட்ட மாட்டேன்" என்றேன்.

மூத்தவன் பதறினான். "என்னம்மா இது, ஊரெல்லாம் சொல்லியாச்சு!"

"ஊருக்குச் சொன்ன. எனக்கு யாருடா சொன்னா? அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. அவரு வந்து கேக்கட்டும்."

அவர் அய்யலூர் சந்தையில் ஐம்பது வருடம் ஆடு பிடித்தவர். ஒரு கிடாய் வாங்க வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார், முதுகை அமுக்கிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க ஆத்தூருக்கு வந்த அன்று மட்டும் தலை நிமிரவே இல்லை. பணியாரத் தட்டைத்தான் பார்த்தார். என்னை அவருடைய அக்காள் பார்த்துக்கொண்டாள்.

அதையும் விடுங்கள். எங்கள் குலசாமி கோயிலில் கிடாய் வெட்டும் முன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால்தான் சம்மதம். சிலுப்பும்வரை அரிவாள் இறங்காது. இந்த மனிதர் அரைமணி நேரம்கூடக் கைகட்டி நின்றிருக்கிறார். ஆட்டுக்கு அம்புட்டு மரியாதை. எனக்கு நேராகத் தாலி.

முதல் நாள் மகளைத் தூது விட்டார். திருப்பி அனுப்பினேன். மறுநாள் மருமகள். அவளுக்கும் அதே பதில். மூன்றாம் நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கையில் அவரே வந்து நின்றார்.

"இந்தா... சம்மதந்தானா?"

இத்தனை வருடத்தில் என் பெயர் 'இந்தா'தான்.

"எதுக்கு?"

"அதான்... கல்யாணத்துக்கு." காது சிவந்துவிட்டது. எண்பது வயதுக் காது!

எனக்கு உள்ளுக்குள் இளகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ஆட்டுக்குச் செய்யிறத எனக்கும் செய்யிங்க" என்றேன்.

கேலி புரிகிற ஆளா அவர்? நேராக அடுப்படிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து என் தலையில் தெளித்தார். மஞ்சள் கலக்க மறக்கவில்லை. பிறகு கைகட்டி நின்றார். வீடே என் தலையைப் பார்த்தது. நான் அசையவில்லை. கீரையை ஆய்ந்து முடித்து எழுந்து போய்விட்டேன்.

இரண்டு நாளாகச் செம்பும் கையுமாக என் பின்னாலேயே திரிகிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என்ன, உடுத்துகிற சேலையெல்லாம் மஞ்சள் கறை.

அதனால் பேத்தியின் பழைய நோட்டில் எழுத்துக் கூட்டி இதை எழுதுகிறேன். முடித்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறேன்.

"ஏத்தா, இத வாசி. சத்தமா வாசி, ஒங்க தாத்தாவுக்கு வலது காது மந்தம். கடைசி வரிய மட்டும் ரெண்டு தடவ வாசி."

சிலுப்பிவிட்டேன்.