பெயர் சொல்லாத வாக்கு

போய் வந்தவளே பேசாமல் இருக்கிறேன், போகாத உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, இந்தத் துருவல்? வெள்ளிக்கிழமை மண்டபம் எப்படி எங்கள் கையை விட்டுப் போனது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காதோ? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஸ்காபரோ மோர்னிங்சைட்டிலிருந்து எங்கள் முதியோர் சங்கத்தின் சுற்றுலா பஸ் புறப்பட்டது. ஆளுக்குப் பதினைந்து டொலர், மத்தியானச் சோற்றுப் பார்சலும் அதற்குள். 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். பாதி நேரம் பஸ் நின்றது, எங்கள் வாய்கள் மட்டும் ஓடின.

பேச்செல்லாம் வரப்போகிற சங்கத் தேர்தல்தான். தலைவர் செல்வராசா வெள்ளிக்கிழமைகளில் சங்க மண்டபத்தைச் சீட்டு விளையாடுகிறவர்களுக்குக் கொடுக்கப் பார்க்கிறார். அது பெண்கள் உடற்பயிற்சி செய்யும் நேரம். கிழமை முழுவதும் பேரப்பிள்ளைகளோடு மாரடிக்கும் எங்களுக்கு அதுதான் வெளிக்காற்று. அதைக் காப்பாற்றித் தருவதாக அவரை எதிர்த்து நின்றவர் என் வீட்டுக்காரர்.

பத்தரை மணிக்கு இறங்கினோம். இங்கிலாந்துக்காரர் வந்து குடியேறிய காலத்து மரவீடுகளை அப்படியே வைத்திருக்கும் கிராமம் அது. பழைய சபை மண்டபத்தைக் காட்டியவள் துஷா, இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அந்தக் காலத்து நீளப் பாவாடையும் தொப்பியும் போட்டிருந்தாள்.

"இஞ்ச வந்த ஆக்கள் தங்கட அசெம்பிளிக்குத் தாங்களே ஆக்களை எலெக்ட் பண்ணினவை. பட், காணி இருந்த ஆம்பிளையள் மட்டும்தான். இந்த நிலத்தின்ர முதல் சனத்தை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்ப நாங்கள்?" என்றாள் என் சிநேகிதி பாக்கியம்.

"நோ, அன்ரி."

"மகன்ரை பேஸ்மென்ரிலை இருக்கிற ஆம்பிளையள்?" என்று நான் கேட்டேன். எங்கள் ஆண்கள் அநேகம் பேர் பிள்ளைகளின் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான். பிக்கரிங் ஊரில் சொந்த வீடுள்ளவர் செல்வராசா ஒருவர்தான். அவர் மீசையைத் தடவினார்.

அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டும் இல்லையாம். எல்லோருக்கும் முன்னால் நின்று, விரும்பிய ஆளின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டுமாம்.

"எங்கடை தேர்தலையும் இஞ்சையே உப்பிடி வைப்பம்," என்றார் செல்வராசா. "பொம்பிளையளும் சொல்லட்டும். சமனா வந்தா பழைய தலைவர்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைகளை இப்போது என்ன செய்ய?

கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது இருவருக்கும் சமனான வாக்கு.

"உவருக்கு," என்று என் வீட்டுக்காரர் பக்கம் விரலைக் காட்டினேன்.

"பேரைச் சொல்லோணும் அன்ரி," என்றாள் துஷா.

"எங்கடை மூத்தவன்ரை அப்பாவுக்கு."

சிரித்தார்கள். "பேர் இல்லாட்டி வாக்குச் செல்லாது," என்றார் செல்வராசா. "சொல்லடி, வெள்ளிக்கிழமை போகப்போகுது," என்று பாக்கியம் என் முதுகில் இடித்தாள்.

புருசன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். எங்களூரில் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வரலாம். இவரோ போன விண்டரில் நெஞ்சைத் திறந்து தைத்த மனுசன். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. செல்வராசாவே தலைவர்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் என் பக்கத்தில்தான் இருந்தார். ஸ்காபரோ வந்த பிறகுதான் மெல்லக் கேட்டார்: "இஞ்சாரும், உமக்கு என்ரை பேர் தெரியாதே?"

வீட்டில் குசினிக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். நான்கெழுத்துத்தான். நல்ல பெயர். ஹோலில் இவர் இருமுவது கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவுதானா என்று குழாயை மூடினேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்த மண்டபத்தில் சீட்டு அடிக்கும் சத்தம்தான். உங்களைப் போலவே பக்கத்து வீட்டுப் பெண்களும் விடவில்லை. "ஏனக்கா வாயைத் திறக்கேல்லை? ஆருக்குப் போட இருந்தனீங்கள்?" என்று துருவினார்கள்.

"கனடாவிலை வாக்கு ரகசியம் பிள்ளையள்," என்றேன். "சட்டத்தை மீறி உங்களுக்குச் சொல்லுவனே?"