அவர் வென்ற ஒரே நாள்

கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிக் கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை. எழும்பி யன்னலடிக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி எழும்புகிறேன். என் கணவர் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி ஆறுதலாக இருக்கிறார். அவருடைய வலக்கை மடியில் கிடக்கிறது. கொஞ்சக் காலமாக அந்தக் கையால் சட்டைப் பொத்தான் பூட்ட முடிவதில்லை. படம் பிடித்துப் பார்த்ததில், கழுத்தில் எப்போதோ உடைந்து கோணலாகப் பொருந்திய எலும்பு ஒன்று நரம்பை நசுக்குகிறதாம். எங்கே விழுந்தீர்கள், அப்போது கை விறைத்ததா என்று போன முறை டொக்டர் கேட்டார். நான் விழவேயில்லை என்று இவர் சாதித்துவிட்டார். அது தெரியாமல் கத்தி வைக்க டொக்டர் தயங்குகிறார். தள்ளிப்போட்டால் கை போய்விடும்.

"இஞ்சருங்கோ, இண்டைக்காவது உண்மையைச் சொல்லுங்கோ."

"என்ன உண்மை? நீர் முதல்லை இரும்."

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எண்பதுகளில் இந்த மனிதர் மல்யுத்த வீரர். சொன்னால் எங்கள் பேரப்பிள்ளைகளே சிரிப்பார்கள்.

அமெரிக்கப் பெரிய கூட்டங்கள் வந்து எல்லாவற்றையும் விழுங்குவதற்கு முன்னர், பிரெஞ்சு பேசும் இந்த மாகாணத்துக்கென்றே ஒரு மல்யுத்தக் கூட்டம் இருந்தது. பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வருவார்கள். ஊரூராகப் போய்ப் பள்ளிக்கூட மண்டபங்களிலும் மோதுவார்கள். செயின்ட்-மிஷேலில் இவர் துப்புரவு வேலை செய்த மண்டபத்துக்கும் வந்தார்கள். மேடைப் பலகைகளை இவர் தனியாளாகத் தூக்கி அடுக்குவதைக் கண்டிருந்தார்கள். பனிப்புயலில் ஒருவன் வராமல் போன அன்று இவரை ஏறச் சொன்னார்கள். எங்கள் நிறம் அவர்களுக்குப் போதுமாக இருந்தது, மிச்சத்தை அவர்களே சோடித்தார்கள். மன்னாரில் ஞாயிறு பூசை தவறாத மனிதர், உலகப்படத்தில் இல்லாத ஒரு நாட்டின் இளவரசர் ஆனார். தலைப்பாகை என்னுடைய வொயில் சேலை. அதைக் கட்டத் தெரியாமல் குசினியில் நின்று நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இளவரசருக்கு ஒரே வேலைதான், தோற்பது. அது எனக்குத் தெரியாது. யார் வெல்வதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். அதைப் பெண்சாதியிடமும் சொல்லக்கூடாதென்பது அவர்களுக்குள் கட்டுப்பாடு. நல்லவனாக வருபவனும் கெட்டவனாக வருபவனும் ஒரே காரில் போனாலே குற்றம். இவர் அதை வேதப் புத்தகத்தில் கைவைத்த சத்தியம் மாதிரிக் காத்தார். நான் முன்வரிசையில் இருந்து, ஒவ்வொரு தரமும் இவர் அடிபட்டு விழுவதைப் பார்த்து நெஞ்சிலடித்துக்கொள்வேன். சனம் கூவும், கடதாசிக் கோப்பைகளை எறியும். ஒரு நாள் ஒரு கிழவி இவரைக் குடையால் குத்தினாள். நான் தமிழில் நாலு வார்த்தை சொன்னேன். அவளுக்கு விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் நான் நானாக இருக்கவில்லை. ஊரிலிருந்து நல்ல செய்தி என்று ஒன்றும் வராது. பாஷை தெரியாமல், ஒரு அறைக்குள் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தேன். இந்த மனிதராவது ஒரு தரம் வெல்லட்டும் என்று தோன்றிவிட்டது. இந்த நகரத்து மலையிலிருக்கும் பெரிய கத்தோலிக்கக் கோயிலின் மரப்படிகளை முழங்காலால் ஏறுவேன் என்று நேர்த்தி வைத்தேன்.

நேர்த்தி பலித்தது. பொன்னிற முடிக்காரன் ஒருவன் இருந்தான். சனத்துக்கு அவன் செல்லப்பிள்ளை. அவனை அன்று இவர் வென்றார். இவரைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டவன், எப்படியோ கொஞ்ச நேரத்தில் இவருக்குக் கீழே கிடந்தான். நடுவர் இவருடைய வலக்கையைத் தூக்கிப் பிடித்தார். இவர் உடனே இறக்கிவிட்டார். என்ன அடக்கமான மனிதர் என்று நான் அழுதேன், சிரித்தேன், அந்தக் குடைக்கிழவியைக்கூடக் கட்டிப்பிடித்தேன்.

மறுநாள் படி ஏறினேன். முழங்கால் தோல் உரிந்தது. இவர் பக்கத்தில், நல்ல வெயிலில் கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். தடிமன், மூக்கடைப்பு என்றார்.

அந்தக் கூட்டம் கலைந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் கட்டுப்பாட்டை மீறி எனக்குச் சொன்னார். பொன்முடிக்காரன் அமெரிக்கக் கூட்டத்துக்குப் போகவிருந்தானாம். போகிறவன் தோற்றுவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அவர்களுடைய வழக்கமாம். "எல்லாம் நடிப்பு, ஒண்டும் நோகாது" என்றார். என் முழங்கால் நடிப்பில்லையே என்று ஒரு கிழமை நான் கதைக்கவில்லை.

எங்களைக் கூப்பிட்டார்கள். டொக்டர் சின்னப் பெடியன். இவர் வாய் திறப்பதற்குள், என் உடைந்த பிரெஞ்சில், இவர் முந்தி மல்யுத்தம் செய்தவர் என்று போட்டுடைத்தேன். இவர் என்னை முறைத்தார்.

டொக்டர் சிரித்தார். அது பொய்ச் சண்டைதானே என்று கேட்டார்.

இவருடைய முகம் மாறியது. நான் எத்தனை கெஞ்சியும் அசையாத மனிதர் நிமிர்ந்து இருந்து, பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினார். இந்தப் பாஷையை மல்யுத்தக்காரர்களின் கார்களில் பழகியவர், தூஷண வார்த்தைகளும் நடுவே வந்தன. தன்னைப்போல ஒருவனிடம் தோற்கவேண்டியிருக்கிறதே என்று அந்தப் பொன்முடிக்காரனுக்கு ஆத்திரம் என்றார். பேசி வைத்தபடி போடாமல் தலை நிலத்தில் அடிக்கப் போட்டான் என்றார். கழுத்துக்குள் சத்தம் கேட்டதாம். நடுவர் கையைத் தூக்கியபோது அது தன் கை மாதிரியே இருக்கவில்லையாம், பல நாள் விறைத்துக் கிடந்ததாம். டொக்டர் சிரிப்பை விட்டுவிட்டு எழுதினார். சத்திரசிகிச்சையைச் சுணக்காமல் செய்வோம் என்றார்.

டொக்டர் வெளியே போன பிறகு கேட்டேன். "ஏனப்பா அண்டைக்கே சொல்லேல்லை? நான் பக்கத்திலைதானே நிண்டனான்."

இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீர் படி ஏறவேணும் எண்டு துள்ளிக்கொண்டு நிண்டனீர். இந்த நாட்டுக்கு வந்து அண்டைக்குத்தான் நீர் சிரிச்சு நான் கண்டனான்."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை காலம் தன் கழுத்தை என்னிடமிருந்து ஒளித்த மனிதரை என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து, டொக்டர் கழுத்தைப் பார்க்கத் திறந்திருந்த அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினேன். கழுத்துப் பொத்தானை மட்டும் பூட்டாமல் விட்டேன்.